கம்பெனிகளும் கணக்கு ஒப்புவித்தலும்



கொச்சி மாநகரின் தென்பகுதியில், பள்ளுருத்திக்கு அப்பால், காயலை ஒட்டி அமைந்திருப்பது இடக்கொச்சி. பாலத்தைக் கடந்தால் அரூர். அங்கே இறால் பதனிடும் தொழிற்சாலைகள். வடக்கே சென்றால் மட்டாஞ்சேரி. அங்கே மிளகும் சுக்கும் நிறைந்த பண்டகசாலைகள். இவ்விடங்களில் பிழைப்பை நாடி வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்குச் சேமிப்பு என்பது வெறும் பணமன்று. அது மகளின் திருமணம். சொந்த ஊரில் எழ வேண்டிய வீட்டின் கூரை. முதுமைக் காலத்துக் கஞ்சி. ஆகவே அந்தப் பணத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பது அவர்களுக்கு வாழ்வையே தொடுகின்ற கேள்வியாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இப்பகுதியில் நமக்குப் பழக்கமான முதியவர் ஒருவர், மீன் கிடங்கில் பனிக்கட்டி சுமந்து சேர்த்த தொகை முழுவதையும் ஒரு கம்பெனியில் வைத்தார். பாங்கு கொடுப்பதைவிடக் கூடுதலான வட்டி கொடுப்பதாக அவர்கள் சொன்னார்கள். சில மாதங்கள் வட்டியும் வந்தது. பிறகு ஒருநாள் கதவு பூட்டிக் கிடந்தது. அந்த முதியவர் நம்மிடம் வந்து, அழவுமில்லை, ஏசவுமில்லை. ஒரு கேள்வியை மட்டும் கேட்டார்: "ஐயா, அது சர்க்காரிலே பதிவு செய்த கம்பெனிதானே? பலகையிலே நம்பர்கூட எழுதியிருந்தார்களே! அதன் கணக்கு சர்க்காருக்குத் தெரியாதா? தெரிந்திருந்தால் எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?"

அவருடைய சொற்களில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. கம்பெனிகள் தம் உள்விவரங்களை அரசாங்க அதிகாரிகளுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவையா என்பது முதற் கேள்வி. அவ்வாறு தெரிவித்த விவரம் பொதுமக்களாகிய நமக்கு எட்டுமா என்பது இரண்டாவது கேள்வி. இவ்விரண்டிற்கும் சட்டம் கூறும் விடையையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கம்பெனி என்பது யாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு வியாபாரி தம் பெயரில் கடை வைத்துக் கடன்பட்டால், அக்கடனுக்கு அவருடைய வீடும் நிலமும் பொறுப்பாகும். வரையறுத்த பொறுப்புடைய கம்பெனியில் பங்கு வாங்கியவரோ, அந்தப் பங்கின் தொகைக்கு மேல் ஒரு காசுக்கும் பொறுப்பாளி ஆகமாட்டார். கம்பெனி முழுகினாலும் அவருடைய வீடு முழுகாது. 1857-ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சட்டம் இச்சலுகையை அளித்தது. சலுகை பெரிது, ஆகவே அதற்கு விலையும் உண்டு. "உன் சொந்தச் சொத்தைக் கடன்காரனிடமிருந்து காப்பாற்றித் தருகிறோம். அதற்கு ஈடாக உன் கணக்கை ஊரறிய ஒப்புவி" என்று சட்டம் சொல்லுகிறது. கணக்கு ஒப்புவித்தல் என்பது அதிகாரிகள் கம்பெனிகளின்மீது சுமத்திய வீண் பாரமன்று. அவை அனுபவிக்கும் பாதுகாப்பிற்குச் செலுத்தும் வாடகையே அது.

கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்படாத நிறுவனத்தால் விளையும் கேட்டைத் தமிழ்நாடு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கண்டிருக்கிறது. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. கம்பெனி என்று பெயரே தவிர, அது ஒரு சில கூட்டாளிகளின் வியாபாரம். ஆகையால் அதன் ஐந்தொகையை எவரிடமும் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. பரங்கியர் வீட்டுப் பெயர் ஒன்றே மக்களுக்குப் பிணையாக இருந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அதன் கதவு மூடிற்று. உத்தியோகஸ்தர்கள், ஓய்வூதியம் பெறுவோர், சிறு வணிகர் எனப் பல திறத்தாரும் தம் முதலை இழந்தனர். அதன் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட்டிற்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அந்த இடிபாட்டைக் கண்ட சென்னைப் பெருமக்கள் மறு ஆண்டே, 1907-இல், இந்தியன் பாங்கைத் தோற்றுவித்தனர் என்பது வரலாறு.

இனி, சட்டத்தை நோக்குவோம். சுதந்திரம் பெற்ற பின் வந்த முதற் பெருஞ் சட்டம் 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். இப்போது அதன் இடத்தில் நிற்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். இதன்படி கம்பெனி ஒப்புவிக்க வேண்டிய விவரங்களை மூவகையாகப் பிரிக்கலாம்: கேளாமலே கொடுக்க வேண்டியவை, கேட்டால் கொடுக்க வேண்டியவை, கம்பெனி கொடுக்க விரும்பாவிட்டாலும் பிறர் கொடுக்க வேண்டியவை.

கேளாமலே கொடுக்க வேண்டியவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று, ஐந்தொகையும் இலாப நட்டக் கணக்கும். இவை பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த முப்பது நாளுக்குள் பதிவாளரைச் சென்றடைய வேண்டும். மற்றொன்று, ஆண்டு விவர அறிக்கை. பங்குகள் யாரிடம் உள்ளன, டைரக்டர்கள் யார், அலுவலகம் எங்கே என்பன போன்ற செய்திகள் அதில் இருக்கும். கூட்டம் நடந்த அறுபது நாளுக்குள் அதனை அனுப்ப வேண்டும். கணக்குப் புத்தகங்களைக் குறைந்தது எட்டு ஆண்டுகளுக்குப் பத்திரப்படுத்தி வைத்திருக்கவும் வேண்டும். பெயருக்கு ஒருவர், பின்னால் ஒருவர் என்று மறைந்து நின்று கம்பெனியை ஆட்டி வைப்போரையும் சட்டம் விடவில்லை. நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவிற்கு உண்மையான உரிமையோ ஆதிக்கமோ உடையவர் எவராயினும் அதனை அறிவிக்க வேண்டும் என்பது 90-ஆவது பிரிவின்கீழ் வந்த விதி.

கேரள மாநிலத்துக் கம்பெனிகளின் கணக்குகள் வந்து சேரும் பதிவாளர் அலுவலகம், ஓணத்திற்குப் பெயர்பெற்ற திருக்காக்கரையில் இருக்கிறது. இடக்கொச்சியிலிருந்து பஸ் ஏறினால் சென்று திரும்பக்கூடிய தூரமே. இப்பொழுது அங்கே செல்லவும் வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டு முதல் இத்தாக்கல்கள் கணிப்பொறி வழியே நடைபெற்று வருகின்றன. அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

அடுத்தது, கேட்டால் கொடுக்க வேண்டியவை. தாக்கலான கணக்கைப் படிக்கும் பதிவாளருக்கு ஐயம் எழுந்தால், 206-ஆவது பிரிவின்படி எழுத்து மூலமாக விளக்கம் கேட்கலாம். கம்பெனியும் அதன் அதிகாரிகளும் விளக்கம் அளித்தே தீர வேண்டும். அளிக்கத் தவறினால் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம். தவறு தொடருமானால் நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் வரை மேலும் அபராதம். புத்தகங்களைச் சோதிக்க வரும் அதிகாரிக்குச் சிவில் நீதிமன்றத்திற்குரிய சில அதிகாரங்கள் உண்டு. ஆட்களை வரவழைக்கலாம், சத்தியப் பிரமாணத்தின்மேல் விசாரிக்கலாம். விசாரணையின்போது பத்திரத்தைக் கிழிப்பதும் திருத்துவதும் பொய் கூறுவதும் மோசடிக் குற்றமாகவே கருதித் தண்டிக்கப்படும். இங்கே நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பதிவாளர் தாமாகவே விழித்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. கம்பெனி வஞ்சக நோக்கத்துடன் நடத்தப்படுகிறது என்றோ, பணம் போட்டவர்களின் குறைகள் கவனிக்கப்படவில்லை என்றோ எவரும் அவரிடம் முறையிடலாம். அம்முறையீட்டின்மேல் திருப்தியுற்றால் அவர் கம்பெனியை விளக்கம் கேட்கலாம். பாமரன் எழுதும் விண்ணப்பத்திற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

"என் வாயாலேயே என்னைக் குற்றவாளி ஆக்குவதா?" என்று கம்பெனி நடத்துவோர் கேட்டதுண்டு. எவரையும் தமக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்பது நம் அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு தரும் உரிமையன்றோ? ராஜா நாராயண்லால் பன்சிலால் என்பவர் தொடுத்த வழக்கில் 1960-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. அவ்வுரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உரியது. கம்பெனியின் நடப்பை அறிய நடைபெறும் விசாரணையில் அவர் இன்னும் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆகவில்லை. ஆகவே கேட்ட புத்தகங்களைக் காட்டவும் கேட்ட கேள்விக்கு விடை கூறவும் அவர் கடமைப்பட்டவர் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆயினும் அதிகாரிகளின் கைக்கும் எல்லை உண்டு. 1966-ஆம் ஆண்டில் பேரியம் கெமிக்கல்ஸ் வழக்கில் அதே உச்சநீதிமன்றம் மறுபக்கத்தையும் எடுத்துரைத்தது. ஒரு கம்பெனியின்மீது புலனாய்வுக்கு உத்தரவிடுவது அரசாங்கத்தின் மனம்போன போக்கில் செய்யத்தக்கதன்று. வஞ்சகத்தைச் சுட்டும் நிலைமைகள் உண்மையிலேயே இருத்தல் வேண்டும். அவை இருந்தனவா என்று நீதிமன்றம் கேட்கலாம் என்று தீர்ப்பளித்து, அவ்வழக்கில் பிறந்த உத்தரவை நீதிமன்றம் ரத்துச் செய்தது. வழக்கறிஞர் தம் கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியிட வேண்டியதில்லை. பாங்கு, விசாரணைக்கு உட்பட்ட கம்பெனியைத் தவிரப் பிற வாடிக்கையாளரின் கணக்கைக் காட்ட வேண்டியதில்லை என்று இன்றைய சட்டமும் வேலி கட்டியிருக்கிறது. நேர்மையாகத் தொழில் நடத்துவோருக்கும் மானம் உண்டு, தொழில் இரகசியம் உண்டு என்பதைச் சட்டம் மறக்கவில்லை.

மூன்றாவது, பிறர் வாயிலாக வருவது. கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர், கம்பெனியின் அதிகாரிகளோ ஊழியர்களோ மோசடி செய்திருக்கிறார்கள் என்று நம்பக் காரணம் கண்டால், வாளாவிருத்தல் ஆகாது. தொகை ஒரு கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்டதாயின் மத்திய அரசாங்கத்திற்கே அறிவிக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் தாம் கணக்கில் ஏற்றிக் காட்டிய பணம் உண்மையில் இல்லை என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். பல ஆண்டுகளாக ஆடிட்டர்கள் கையெழுத்திட்டு வந்த கணக்கு அது. அந்த அதிர்ச்சி, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பல பிரிவுகளில் எதிரொலிக்கிறது.

இத்துணையும் கேட்ட நேயர்கள், முதியவரின் முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று கருதக்கூடும். ஆம், கம்பெனி தன் கணக்கை அரசாங்கத்திற்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. அதிகாரிகளுக்குத் தெரிந்தது மக்களுக்குத் தெரியுமா? இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காயலுக்கு அப்பால் எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்றம் இருக்கிறது. அங்கே 1960-ஆம் ஆண்டில் நடந்த ஒரு வழக்கை நினைவுகூர்ந்தால் போதும்.

கோட்டயம் மாவட்டத்தில், மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள ஊர் பாலை. மலையாளத்தார் பாலா என்பர். 1927-ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய பாலை சென்ட்ரல் பாங்கு, படிப்படியாக வளர்ந்து கேரளத்தின் மிகப் பெரிய பாங்கு ஆயிற்று. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு வீழ்ந்ததைக் கண்டு நடுங்கிய மக்கள், இந்தப் பாங்கைத் தம் சொந்தப் பாங்காகக் கருதினர். 1949-ஆம் ஆண்டுப் பாங்கிச் சட்டம், பாங்குகளின் புத்தகங்களை எப்போது வேண்டுமாயினும் சோதிக்கும் அதிகாரத்தை ரிசர்வ் பாங்கிற்கு அளித்திருந்தது. அதன்படி 1951 முதலே அதிகாரிகள் பாலைக்குச் சென்று கணக்கைப் பார்த்தனர், குறைகளையும் கண்டனர். கொடுத்த கடன்களிற் பல திரும்பி வரத்தக்கவையாக இல்லை. திருந்துவதற்குக் கெடுவும் எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டன. ஆனால் அந்தச் சோதனை அறிக்கைகள் இரகசியம் ஆதலால், கிராமத்து ரப்பர் விவசாயிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அவற்றின் ஒரு வரியும் எட்டவில்லை. அவர்கள் மேலும் மேலும் பணத்தைக் கொண்டுவந்து கட்டினர்.

1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், பாங்கைக் கலைத்துவிட வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு எர்ணாகுளத்தில் கேரள உயர்நீதிமன்றத்திடம் மனுச் செய்தது. அன்றே கதவு அடைபட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கலைப்பு உத்தரவு பிறந்தது. ரிசர்வ் பாங்கு கேட்டால் நீதிமன்றம் மறுப்பின்றிக் கலைக்க வேண்டும் என்ற சட்டப்பிரிவு நியாயமானதா என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1962-இல் பெரும்பான்மை நீதிபதிகள் அப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தனர். பாங்கின் உட்கணக்கை நீண்ட காலம் பார்த்து வந்த நிபுணரின் முடிவுக்கு மதிப்பளிப்பது தவறாகாது என்பது அவர்கள் கருத்து.

இவ்வழக்கில் இரு தரப்பினுடைய நியாயத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பாங்கு என்பது நம்பிக்கையின்மேல் நிற்பது. "இந்தப் பாங்கின் நிலை சரியில்லை" என்று ஓர் அதிகாரி பகிரங்கமாக ஒரு வார்த்தை சொன்னால், மறுநாள் காலையிலேயே வாசலில் கூட்டம் நெருக்கும். பிழைத்திருக்கக்கூடிய பாங்கும் மாலைக்குள் மாண்டுபோகும். ஆகவே அதிகாரிகள் வாய் திறவாதிருந்ததில் காரணம் உண்டு. ஆனால் அவர்கள் வாய் திறவாதிருந்த ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பணம் போட்டவருக்கு யார் விடை சொல்வது? வியாதி வைத்தியருக்குத் தெரியும். வியாதிக்காரனின் வீட்டாருக்குத் தெரியாது என்ற நிலை அது. இந்த இக்கட்டிலிருந்து நாடு கண்ட ஒரு வழியே டெபாசிட் இன்ஷூரன்ஸ். இரகசியத்தை முற்றும் நீக்க முடியாதென்றால், இரகசியத்தால் விளையும் நட்டத்தையாவது ஏழையின் தலையில் விழாமல் தடுப்போம் என்பது அதன் தத்துவம். 1962-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தபோது காப்புத் தொகை ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் முதல் அது ஐந்து இலட்சம் ரூபாய். பாலையில் சிந்திய கண்ணீரே இந்நாடு முழுவதும் பாங்கில் பணம் போட்டவர்களுக்குக் காப்பாக மாறிற்று எனலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: இந்தக் காப்பு பாங்குகளில் உள்ள பணத்திற்கே உண்டு. தெருக்கோடியில் பலகை மாட்டியிருக்கும் நிதிக் கம்பெனியில் வைத்த பணத்திற்கு இல்லை.

2005-ஆம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதன் 2-ஆவது பிரிவில் நம் பொருளுக்கு நேராகத் தொடர்புடைய ஒரு வாசகம் உண்டு. தனியார் நிறுவனத்தைப் பற்றிய விவரமாயினும், ஏதேனும் ஒரு சட்டத்தின்கீழ் அரசு அதிகாரியொருவர் அதனைப் பெறக்கூடுமாயின், அதுவும் நாம் கேட்கத்தக்க தகவலே. ஆயின் வியாபார இரகசியமும், நம்பி ஒப்படைத்த செய்தியும் விலக்குப் பெற்றவை. பொதுநலன் அவற்றைவிட மேலோங்கினால் அவ்விலக்கும் நிற்காது.

இவ்விதிக்கு உரைகல்லாக அமைந்த வழக்கும் அதே மீனச்சில் வட்டத்திலிருந்தே எழுந்தது வியப்பிற்குரியது. தலப்பலம் என்னும் ஊரின் கூட்டுறவு பாங்கு, தகவல் உரிமைச் சட்டத்திற்கு உட்பட்டதா என்பது கேள்வி. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் கூறியது இது: அரசாங்கத்தின் பணத்தால் கணிசமாக நடத்தப்படாத கூட்டுறவுச் சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகாது; அதன் வாசலில் நின்று தகவல் கேட்க இயலாது. ஆனால் கூட்டுறவுப் பதிவாளர் பொது அதிகாரியே. சட்டப்படி அவர் அச்சங்கத்திடமிருந்து பெறக்கூடிய விவரத்தை நாம் அவரிடம் கேட்கலாம். நேர்வழி அடைபட்டாலும், அதிகாரியின் வழி திறந்திருக்கிறது என்பது பொருள்.

பாலையில் மூடிக்கிடந்த சோதனை அறிக்கையின் கேள்விக்கும் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் உச்சநீதிமன்றம் விடை பகர்ந்தது. ஜயந்திலால் மிஸ்திரி என்பவர் சம்பந்தப்பட்ட அவ்வழக்கில், பாங்குகள் தங்களை நம்பி ஒப்படைத்த செய்தி அது என்று ரிசர்வ் பாங்கு வாதித்தது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. சட்டத்தின் கட்டாயத்தால் பெற்ற விவரம் நம்பி ஒப்படைத்த பொருள் ஆகாது. ரிசர்வ் பாங்கு பாங்குகளுக்கு அன்று, பொதுமக்களுக்கே கடமைப்பட்டது என்றனர் நீதிபதிகள். வாடிக்கையாளரின் அந்தரங்கம் பாதிக்கப்படும் என்று பாங்குகள் கொணர்ந்த மனுக்களை 2022-இல் உச்சநீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. இந்தத் தராசின் தட்டுகள் ஒரே நாளில் அசையாது நின்றுவிடக் கூடியவை அல்ல.

இவ்வளவும் நீதிமன்றம் ஏறியவர்களின் கதை. ஏறாதவர்களுக்கும் ஒரு வாசல் உண்டு. அதுவே நாம் முன்னர்ப் பின்னர்க் கூறுவோம் என்று நிறுத்தி வைத்த செய்தி. கம்பெனிச் சட்டத்தின் 399-ஆவது பிரிவின்படி, பதிவாளரிடம் தாக்கலாகியுள்ள பத்திரங்களை எவரும் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். பங்குதாரராக இருக்க வேண்டியதில்லை. காரணம் கூற வேண்டியதில்லை. ஒரு கம்பெனியின் பத்திரங்களைக் கணிப்பொறியில் பார்ப்பதற்கான கட்டணம் நூறு ரூபாய். கம்பெனி உயிருடன் இருக்கிறதா, கடைசியாக எந்த ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்தது, டைரக்டர்கள் யார் என்பன போன்ற முதன்மை விவரங்களைக் கட்டணமின்றியே காணலாம்.

முதியவரின் பணம் போன பிறகு, அவருடைய கம்பெனியின் பதிவு எண்ணைக் கொண்டு நாம் தேடிப் பார்த்தோம். அவர் பணம் கட்டிய நாளுக்கு முன்பே, அக்கம்பெனி இரண்டு ஆண்டுகளாகக் கணக்கே தாக்கல் செய்யவில்லை. அது ஒரு பிரைவேட் கம்பெனி. பிரைவேட் கம்பெனி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கவே சட்டத்தில் இடமில்லை. பொதுக் கம்பெனிகளிலும் நூறு கோடி ரூபாய் நிகர மதிப்போ, ஐந்நூறு கோடி ரூபாய் விற்றுவரவோ உடையவை மட்டுமே வாங்கலாம். நிதிக் கம்பெனியாயின், டெபாசிட் வாங்க ரிசர்வ் பாங்கின் அனுமதி வேண்டும். "இந்த விவரமெல்லாம் அன்றைக்கே இருந்ததா?" என்று அவர் கேட்டார். இருந்தது. அவர் கேட்ட கேள்விக்கு விடை, ஒரு பெட்டியில், பூட்டப்படாமல், அவருக்காகவே காத்திருந்தது. அப்பெட்டி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இந்தக் குறை அவருடையதன்று. அறிந்தும் சொல்லாதிருந்த நம் போன்றாருடையது. இன்று இப்பேச்சை நிகழ்த்த நம்மைத் தூண்டியதும் அதுவே.

பதிவு என்பது பிறப்புச் சான்றிதழ் போன்றது. குழந்தை பிறந்தது என்பதற்கு அது சாட்சி. நல்லவனாக வளரும் என்பதற்குச் சாட்சியன்று. 2017-ஆம் ஆண்டளவில் மத்திய அரசாங்கம், பல ஆண்டுகளாகக் கணக்குத் தாக்கல் செய்யாதிருந்த இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அவை யாவும் ஒருகாலத்தில் பதிவு எண் பெற்றவையே.

மலையாள நாட்டில் வாழ்வோர் குறியைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். நாம் சீட்டு என்பதை அவர்கள் குறி என்றும் சிட்டி என்றும் வழங்குவர். சட்டத்தின் கண்டிப்பிலிருந்து விலகுவதற்காகச் சிலர் வேறு மாநிலத்தில் பதிவு செய்துகொண்டு இங்கே குறி நடத்தி வந்தனர். அதனைத் தடுக்கக் கேரளம் 2002-இல் சட்டம் திருத்தியது. அதன்மேல் வழக்கும் எழுந்தது. 2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, மத்திய அரசின் 1982-ஆம் ஆண்டுச் சீட்டுநிதிச் சட்டமே மேலோங்கும் என்று தீர்த்தது. அதற்குச் சில நாட்கள் முன்னரே அச்சட்டம் கேரளத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி சீட்டுத் தொடங்குமுன் அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். பிணை கட்ட வேண்டும். ஒவ்வோர் ஏலத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உங்களை ஒருவர் சீட்டிற் சேர அழைத்தால், "இந்தச் சீட்டின் பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். கம்பெனியின் எண் வேறு, சீட்டின் எண் வேறு என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள்.

தொழிலாளராகிய நேயர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி அரசாங்கத்திற்குத் தெரிவிக்கும் விவரங்களுள் உங்கள் பெயரும் ஒன்று. உங்கள் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்புநிதித் தொகையை முதலாளி மாதந்தோறும் விவரத்துடன் செலுத்த வேண்டும்; அது உங்கள் கணக்கில் ஏறியதா என்பதை உங்கள் எண்ணைக் கொண்டு நீங்களே பார்க்கலாம். மாநிலம் விட்டு மாநிலம் அழைத்துச் செல்லப்படும் தொழிலாளரின் விவரத்தை இரு மாநிலத்து அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தக்காரர்மீது விதித்தது. 2020-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் புலம்பெயர்ந்த தொழிலாளருக்கெனத் தனிப் பகுதியை வைத்திருக்கிறது. ஏட்டில் பெயர் இல்லாத தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால், அவர் அங்கே வேலை செய்தார் என்று நிறுவுவதே பெரும்பாடாகிவிடும். ஆகவே ஏட்டில் பெயர் இருக்கிறதா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

முடிவாக, நேயர்கள் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துச் சொல்வோம். பணம் கொடுக்குமுன் கம்பெனியின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதி வாங்குங்கள். கடைசியாக எந்த ஆண்டுக்குக் கணக்குத் தாக்கலாகியிருக்கிறது என்று பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். டெபாசிட் வாங்க ரிசர்வ் பாங்கின் அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். ஐயம் எழுந்தால் பதிவாளருக்கு எழுதுங்கள்; சட்டவிரோதமாக டெபாசிட் திரட்டுவோரைப் பற்றிப் புகார் செய்ய ரிசர்வ் பாங்கு 2016-இல் 'சசேத்' என்னும் இணையத்தளத்தையும் தொடங்கியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் வந்த சட்டமும் ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட்டுத் திட்டங்களைக் குற்றமாக்கியிருக்கிறது. மொழி தெரியாத ஊரில் இருக்கிறோம் என்று தயங்க வேண்டியதில்லை. இந்தச் சட்டங்கள் இந்தியா முழுவதற்கும் பொது.

அந்த முதியவருடைய பணம் இன்னும் வந்து சேரவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆயினும் இப்போது இடக்கொச்சியில் யாராவது புதிய கம்பெனியொன்றின் துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்தால், அண்டை வீட்டார் அதை அவரிடம் காட்டுகிறார்கள். அவர் தம் பேத்தியைக் கூப்பிட்டு எண்ணைப் பார்க்கச் சொல்கிறார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். அளப்பதற்குரிய கோலைச் சட்டம் நம் கையில் கொடுத்திருக்கிறது. அதை எடுத்து அளக்க வேண்டியது நாமே.